உயிர்காப்பு மிதவையைப் படகில் எங்கே பொருத்துவது?

கேள்வி: லங்காவியில் நிற்கும் எங்களுடைய 37 அடி பாய்மரப் படகில் நானும் என் மனைவியும் வரும் ஜனவரியில் அந்தமான் கடலையும் வங்கக் கடலையும் கடந்து இலங்கையின் காலித் துறைமுகத்துக்குச் செல்லவிருக்கிறோம். நால்வருக்கான உயிர்காப்பு மிதவை (படகைக் கைவிடும்போது வாயு நிரம்பி விரியும் ரப்பர்ப் படகு) ஒன்றைக் கடினப் பெட்டி வகையில் வாங்கியுள்ளோம். அதன் எடை 36 கிலோ. பாய்மரத்துக்கு முன்னால் முன்தளத்தில் அதற்கான தாங்கி ஒன்றைப் பழைய உரிமையாளர் அமைத்திருக்கிறார். நண்பர்களில் சிலர் பின்பக்கக் கம்பி வேலியில் மாட்டச் சொல்கிறார்கள், சிலர் காக்பிட் (படகைச் செலுத்துவோர் அமரும் திறந்த பள்ளம்) இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டகத்தில் வைக்கச் சொல்கிறார்கள். எங்கே வைப்பது சரி?

பதில்: உங்கள் படகுக்கும், இருவர் மட்டுமே செல்லும் உங்கள் பயணத்துக்கும், படகின் பின்முனையில் ஒரு பக்க மூலையில், தளம்வரை கால்கள் இறங்கும் உறுதியான சாய்வுத் தாங்கியே ஏற்றது என்பது என் கருத்து. முன்தளத்துத் தாங்கியைப் பயன்படுத்த வேண்டாம். மிதவையின் இடத்தைத் தீர்மானிக்கும்போது நான் எப்போதும் ஒரே ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்: படகில் இருப்பவர்களுள் உடல்வலிமை மிகக் குறைந்தவர், இரவில், மற்றவரின் உதவி இல்லாமல், அந்த மிதவையைத் தண்ணீரில் இறக்க முடியுமா? இருவர் செல்லும் படகில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கலாம், அல்லது கடலுக்குள் வீழ்ந்திருக்கலாம். அப்போது மீதமிருப்பவர் 36 கிலோ எடையைத் தூக்க வேண்டிய நிலையே வரக்கூடாது. தாழ்ப்பாளை விடுவித்தால் மிதவை தன் எடையாலேயே சரிந்து கடலில் விழ வேண்டும்.

உங்களுக்குக் கிடைக்கும் நேரத்தைப் பற்றி முன்கூட்டி எதுவும் சொல்ல முடியாது. 1972 ஜூன் 15 அன்று கலாபகஸ் தீவுகளுக்கு மேற்கே ராபர்ட்சன் குடும்பத்தினரின் 43 அடிப் படகான லூசெட்டைக் கொலைத் திமிங்கிலங்கள் மோதியபோது, அது சில நிமிடங்களுக்குள் மூழ்கிவிட்டது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் அதே பசிபிக் கடலில் திமிங்கிலம் மோதிய பெய்லி தம்பதியின் படகோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிதந்தது; அவர்களால் உணவையும் தண்ணீரையும் எடுத்துக்கொள்ள முடிந்தது, பிறகு 117 நாட்கள் கடலில் பிழைத்திருந்தார்கள். நாம் முதல் நிகழ்ச்சியை மனத்தில் வைத்தே ஏற்பாடு செய்ய வேண்டும். கடல்தாண்டும் பந்தயங்களுக்கான உலகப் பாய்மரக் கூட்டமைப்பின் விதிகள், மிதவையைப் பதினைந்து நொடிகளுக்குள் படகோரக் கம்பிவரை கொண்டுவரவோ கடலில் இறக்கவோ முடிய வேண்டும் என்று கேட்கின்றன. அந்த விதி உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதைவிடத் தெளிவான அளவுகோல் ஒன்றை நான் அறியேன்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் முன்தளம் ஏன் பொருந்தாது என்பது புரியும். அணியம் என்று நம் கடலோர மக்கள் சொல்லும் முன்முனையை ஒட்டிய பகுதிதான் படகில் மிக அதிகமாக ஏறி இறங்குவது. எதிர்வரும் அலை முதலில் அடிப்பதும் அங்கேதான். தளத்தின் மேல் திரண்டு புரண்டுவரும் அலைநீர், நன்றாகப் பொருத்தப்படாத தாங்கியைத் திருகோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும். தாங்கி தப்பினாலும், நீங்கள் பாதுகாப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு, இருட்டில் தவழ்ந்து அங்கே போய், பெட்டியை அவிழ்த்து, சுமார் 60 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓரக்கம்பிக்கு மேலே தூக்கிப் போட வேண்டியிருக்கும். மூழ்கும் படகு முன்பக்கமாகத் தாழ்ந்தால் அதுவும் இயலாது.

காக்பிட் பெட்டகம் முதல் பார்வைக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். வெயில் படாது, அலை அடிக்காது, துறைமுகத்தில் திருடரின் கண்ணுக்கும் தெரியாது. காக்பிட்டின் தரைமட்டத்தில், படகின் பின்சுவர் வழியாக வெளியே திறக்கும்படி, மிதவைக்கென்றே கட்டப்பட்ட தனி அறை உங்கள் படகில் இருந்திருந்தால், மறுயோசனையின்றி அங்கேயே வைக்கச் சொல்லியிருப்பேன். இழுத்தால் நேரே கடலுக்குள் போகும் அத்தகைய அறையை மிஞ்சிய இடம் வேறில்லை. ஆனால் நீங்கள் சொல்வது இருக்கைக்கு அடியிலுள்ள ஆழமான பொதுப் பெட்டகம். நான் பார்த்த படகுகளில் அத்தகைய பெட்டகங்கள், புறப்பட்ட ஒரு வாரத்துக்குள் கயிறுகளும் மிதவைப் பந்துகளும் வாளிகளும் தண்ணீர்க் குழாயும் நிறைந்து, மிதவை எல்லாவற்றுக்கும் அடியில் போய்விடுகிறது. அது மேலேயே இருந்தாலும், குனிந்து நின்று, ஆடும் படகில், 36 கிலோ எடையை நெஞ்சுயரம்வரை நேராகத் தூக்குவது பலசாலிக்கும் எளிதல்ல. இதைவிட எனக்குக் கவலை தருவது, பல படகுகளில் அந்தப் பெட்டகம் இயந்திர அறையை ஒட்டியே இருப்பதுதான். படகைக் கைவிடும் காரணம் தண்ணீராகத்தான் இருக்கும் என்பதில்லை, தீயாகவும் இருக்கலாம். இயந்திரத்திலோ மின்கலத்திலோ பற்றிய தீக்கு மேலே உங்கள் மிதவை உட்கார்ந்திருக்கக் கூடாது.

கேபின் கூரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் நான்கைந்து பேர் செல்லும் படகாக இருந்தால் அதையே முதலில் பரிசீலித்திருப்பேன். படகின் நடுப்பகுதி என்பதால் ஆட்டம் குறைவு, எடையும் சமநிலையைக் கெடுக்காது. ஆனால் அங்கிருந்தும் பெட்டியை ஓரக்கம்பிக்கு மேல் தூக்கியாக வேண்டும். பாய்மரம் முறிந்தால் அது விழுவதும் பெரும்பாலும் அதன் மேல்தான்.

இனி பின்முனைக்கு வருவோம். புஷ்பிட் எனப்படும் பின்பக்கக் கம்பி வேலி பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாயால் ஆனது. மனிதர் சாய்ந்து நிற்பதற்காக அமைக்கப்பட்டது, பின்னாலிருந்து உடைந்து விழும் அலை ஒரு பெரிய பெட்டியின் மீது செலுத்தும் விசையைத் தாங்குவதற்காக அல்ல. ஆகவே கடைகளில் கிடைக்கும் கொக்கித் தாங்கியை அந்தக் குழாயில் மட்டும் மாட்டிவிட்டுப் புறப்படாதீர்கள். தாங்கியின் எடையைத் தளத்துக்கோ பின்சுவருக்கோ இறக்கும் இரண்டு கால்கள் வேண்டும். அவை தளத்தைத் துளைத்துச் செல்லும் மரையாணிகளால், உட்புறத்தில் அகலமான உலோகத் தகடு வைத்து, இறுக்கப்பட வேண்டும். தளம் இரு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே மரமோ நுரையோ வைத்துச் செய்யப்பட்டதாக இருந்தால், துளையைப் பெரிதாக்கி, எபாக்சிப் பிசினை நிரப்பி, அது இறுகிய பின் மீண்டும் துளையிடுங்கள். இல்லாவிட்டால் சில மழைக்காலங்களில் உள்ளே நீர் ஊறி, ஆணியைப் பிடித்திருக்கும் இடமே அழுகிவிடும்.

தாங்கி வெளிப்பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அதற்கும் கடலுக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது. லங்காவியில் நிற்கும் நெடும்பயணப் படகுகள் பலவற்றின் பின்முனையில் காற்றுத் திசைமாற்றி (காற்றின் விசையால் படகைத் தானே திசைபிடித்துச் செலுத்தும் கருவி), சூரியத் தகடு, வெளிப்பொருத்து இயந்திரம், துணைப்படகைத் தூக்கும் கரங்கள் என எல்லாமே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஏதாவது ஒன்றை இடம் மாற்ற வேண்டியிருந்தால் மாற்றுங்கள், மிதவையை அல்ல. நடுவில் வைக்காமல் ஒரு மூலையில் வைக்கச் சொல்வதற்குக் காரணமும் இதுதான்: காற்றுத் திசைமாற்றியின் துடுப்பு, விரிந்த மிதவையின் ரப்பர்க் குழாயைக் கிழித்துவிடும், கடலில் விழுந்தவர் ஏறிவர ஏணியும் திறந்திருக்க வேண்டும்.

பெட்டியிலிருந்து வரும் கயிறு, அதாவது பெயின்டர், இரண்டு வேலைகளைச் செய்கிறது: மிதவையைப் படகோடு பிணைக்கிறது, முழு நீளமும் வெளியே வந்தபின் சட்டென்று வலுவாக இழுத்தால் வாயு உருளையையும் திறந்துவிடுகிறது. அதைக் கட்டாமல் பெட்டியை இறக்கினால் மிதவை விரியாமலேயே காற்றோடு போய்விடும். ஆகவே பொருத்தும் நாளிலேயே அதன் முனையைப் படகின் உறுதியான ஒரு இடத்தில் நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள். வேலிக் குழாயில் கட்டாதீர்கள். பெட்டியைப் பிணைக்கும் பட்டைக்கு, ஒரே இழுப்பில் விடுபடும் கொக்கி வேண்டும். உப்பு படிந்து அது இறுகிவிடக்கூடும் என்பதால், அருகிலேயே உறையில் ஒரு கத்தியையும் கட்டி வையுங்கள்.

ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸ் என்ற நீரழுத்த விடுவிப்பானைப் பொருத்தலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். படகு மூழ்கும்போது ஒன்றரை முதல் நான்கு மீட்டர் ஆழத்துக்குள் தானாகவே பட்டையை வெட்டிவிடும் சிறு கருவி அது. ஈராண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதைப் பொருத்தினால் பெயின்டரை அக்கருவியோடு வரும் மெல்லிய இணைப்பின் வழியாகவே கட்ட வேண்டும். நேரடியாகப் படகில் கட்டினால் மூழ்கும் படகு மிதவையையும் கீழே இழுத்துச் செல்லும். உங்கள் படகில் அதைப் பொருத்துவதை நான் ஆதரிக்கிறேன், ஆனால் அதை மட்டுமே நம்புவதை அல்ல. படகு தலைகீழாகக் கவிழ்ந்து மிதக்குமானால், தளத்திலுள்ள பெட்டி ஒன்றரை மீட்டர் ஆழத்தை எட்டாமலேயே இருந்துவிடலாம். எட்டி விடுபட்டாலும், மேலே எழ முயலும் பெட்டி கவிழ்ந்த தளத்தில் முட்டி நின்றுவிடலாம். 2014 மே மாதம் அட்லாண்டிக் கடலில் அடிக்கட்டை (படகை நிமிர்த்தி வைக்கும் கனமான அடிப்பகுதி) கழன்று கவிழ்ந்த சீக்கி ரஃபிக்கி என்ற படகைத் தேடிக் கண்டபோது, அதன் மிதவை வழக்கமான இடத்திலேயே இருந்தது. அதில் சென்ற நால்வரும் கிடைக்கவேயில்லை. பின்முனையில், வேலிக்கு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும் பெட்டிக்கு, கவிழ்ந்த நிலையிலும் விடுபட்டு வெளியேறும் வாய்ப்பு மற்ற இடங்களைவிட அதிகம் என்பது நான் அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம். கவிழ்ந்த படகின் மீது பற்றிக்கொண்டிருப்பவர் கைநீட்டி எட்டக்கூடிய இடமும் அதுதான்.

பின்முனையின் குறைகளையும் சொல்ல வேண்டும். லங்காவியின் வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் பெட்டியின் மேல் விழும். வெளிர்நிறத் துணியுறை ஒன்றைத் தைத்துப் போடுங்கள், ஆனால் அது ஒரே இழுப்பில் பிய்ந்து வருவதாக இருக்கட்டும். பெட்டியின் அடியிலுள்ள வடிகால் துளைகள் கீழ்நோக்கியே இருக்கும்படி, தயாரிப்பாளர் குறித்துள்ள நிலையில் வையுங்கள். அழுத்த நீரைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள். மூடியின் விளிம்பு வழியே நீர் புகும். பராமரிப்புச் சோதனைக்குக் குறித்த காலத்தை வெப்பமண்டலத்தில் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். திருட்டுக்கு அஞ்சிப் பூட்டுப் போடுவதானால், துறைமுகத்தில் மட்டும் போடுங்கள். கயிறுகளை அவிழ்க்குமுன் கழற்ற வேண்டியவற்றின் பட்டியலில் அதை முதலில் எழுதி வையுங்கள்.

மிதவை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் ஒரு ஆபத்தும் உண்டு: அவசரப்பட்டு அதில் ஏறிவிடுவது. 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புறப்பட்ட 303 படகுகளில் 24 கைவிடப்பட்டன. அவற்றில் மூழ்கியவை ஐந்துதான், மற்ற 19 பின்னர் மீட்கப்பட்டன. உயிரிழந்த பந்தய வீரர்கள் பதினைந்து பேரில் ஏழு பேரின் மரணம் மிதவைகளோடு தொடர்புடையது. அவர்கள் விட்டுவந்த படகுகள் பின்னர் மிதந்தபடியே கண்டெடுக்கப்பட்டன. படகு மிதக்கும்வரை அதை விட்டு இறங்காதீர்கள். மிதவையை இறக்கும் தறுவாயில், முதலில் அவசர உதவி வானொலிக் கருவியை இயக்கி, படியருகே தொங்கும் அவசரப் பையோடு வெளியே எடுத்து வாருங்கள்.

தாங்கியைப் பொருத்திய பிறகு, மிதவையை அதில் ஏற்றுமுன், அதே அளவுள்ள ஒரு பெட்டியில் மணலும் துணியும் நிரப்பி 36 கிலோவாக்கி, அதைத் தாங்கியில் கட்டிவிடுங்கள். உங்கள் மனைவி கேபினுக்குள்ளிருந்து புறப்பட்டு, கொக்கியை விடுவித்து, அதைத் தண்ணீரில் இறக்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பிடித்துப் பாருங்கள். நீங்கள் உதவக் கூடாது. முதலில் பகலில், பிறகு விளக்கில்லாமல் இரவில். பதினைந்து நொடிக்கு மேல் ஆனால், எங்கே தாமதமாகிறது என்று பார்த்துத் தாங்கியையோ கொக்கியையோ மாற்றுங்கள். அதற்குப் போதிய அவகாசம் இருக்கும்படி, இந்த வேலையை நவம்பருக்குள் முடித்துவிடுங்கள்.