வரையவே தெரியாத ஒருவர் ஓவியப் பட்டறைக்குப் போனால் கூச்சம் போகுமா?

"கொழும்பில் எங்கள் பக்கத்தில் இலவசமாக ஓவியப் பட்டறை நடத்துகிறார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது, வரையவும் தெரியாது. போனால் தன்னம்பிக்கை வரும், ஆட்களோடு பழக வரும் என்கிறார்கள். உண்மையா, இல்லை நேரம்தான் வீணா? வீட்டில் கேட்டுத்தான் போக வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். தன்னம்பிக்கையை மட்டும் எதிர்பார்த்துக்கொண்டு போகாதீர்கள்.

நீங்கள் கல்யாணம் முடித்து வெளியூரில் இருந்து கொழும்புக்கு வந்தவர் என்று நினைக்கிறேன். கேள்வியில் அப்படி எதுவும் எழுதவில்லைதான். ஆனாலும் "வீட்டில் கேட்டுத்தான் போக வேண்டும்" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள், அதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

எனக்கு முன் பதில் எழுதிய ஒருவர், "இதெல்லாம் என்ஜிஓக்காரர் வெளிநாட்டுக் காசுக்குக் கணக்குக் காட்டும் வேலை. பெண்களுக்கு வேலை கொடுக்கட்டும், கலர் பென்சில் எதற்கு?" என்று போட்டிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். ஐயா, நானும் வேலை செய்தவள்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கார்மென்டில் சேர்ந்தேன். பக்கத்து மெஷின்காரியோடு கதைத்தால் சூப்பர்வைசர் ஏசுவார். அங்கே அத்தனை வருடம் இருந்தும் என் வாய் திறக்கவில்லை. இப்போது வீட்டில் இருந்து பிளவுஸ் தைக்கிறேன். வேலை காசு தரும், அது வேண்டும். கூச்சத்தைப் போக்குவது அதன் பொறுப்பு இல்லை.

எங்கள் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும். நாங்கள் முதலில் வட கொழும்பில் ஒரு தோட்டத்தில் இருந்தோம், நெருக்கமான குடியிருப்பை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஒரு முற்றம், ஒரு பொதுக் குழாய், சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள். யார் வீட்டில் என்ன கறி என்று மூக்கே சொல்லும். கதவு சாத்துவது இரவு படுக்கும்போது மட்டும்தான். பிறகு எங்களைத் தொடர்மாடிக்கு மாற்றினார்கள். சீமெந்து வீடு, தனிக் கக்கூஸ், வெள்ளம் வராது. நன்றி கெட்டவள் என்று யாரும் எழுத வேண்டாம், அந்த வசதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்பதாம் மாடியில் எல்லாக் கதவும் எப்போதும் மூடியே இருக்கும். வேறு வேறு தோட்டத்து ஆட்களைக் கலந்து போட்டிருந்தார்கள், பக்கத்துக் கதவில் யார் என்றே தெரியாது. லிஃப்ட் பழுதானால் நான் இறங்குவதே இல்லை, லிஃப்ட் அடிக்கடி பழுதாகும். மகனை அனுப்பிச் சாமான் வாங்குவேன். சிங்களம் கேட்டால் விளங்கும், பேசப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சொல்லப்போனால் தமிழிலும் அப்படித்தான்.

இதற்கிடையில் மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கள் குசினிச் சுவரில் இறங்கத் தொடங்கியது. மேலே இருப்பவர் ஒரு சிங்கள அம்மா, தனி ஆள். என் மகன் போய்ச் சொல்ல, அவர் ஏசி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு லிஃப்டில் கண்டால் இரண்டு பேரும் மாடி நம்பரைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அந்தக் காலத்தில்தான் கீழ்த்தள மண்டபத்தில் ஓவியப் பட்டறை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். செத்த வீட்டுக் கதிரைகளும் டெங்குக் கூட்டமும் தவிர அந்த மண்டபம் வேறொன்றும் கண்டதில்லை. என் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வரலாம் என்றுதான் இறங்கினேன். வாசலில் நின்ற மிஸ் "அம்மாவும் உட்காருங்கோ" என்று கதிரையை இழுத்துவிட்டார். மறுத்துப் பேசத் தெரிந்திருந்தால் உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

கடதாசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையையே ஒத்திப்போட்டார்களே, அந்தக் கஷ்டத்தில் இருந்து எழுந்து வந்துகொண்டிருந்த நேரம். பிறிஸ்டல் போட் விலை கேட்டால் மயக்கம் வரும். பழைய காலண்டர்த் தாள்களைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில்தான் வரைந்தோம். பிறகு துணித்துண்டு ஒட்டும் வேலை வந்தபோது என் வீட்டு வெட்டுத்துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். பசை, கோதுமை மாவில் காய்ச்சியது. சாப்பிட ரொட்டிக்கு மா இல்லாத நேரம் பசை காய்ச்சுகிறீர்களா என்று ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். வண்டு விழுந்த மா என்று காட்டின பிறகுதான் அமைதியானார்.

முதல் நாள் தந்த வேலை இது. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வேண்டும். எதிரில் இருப்பவரின் முகத்தை வரைய வேண்டும், ஆனால் கடதாசியைப் பார்க்கவே கூடாது, பென்சிலைத் தூக்கவும் கூடாது. கண் முகத்தில் ஊர்ந்து போகும், கை அதே வேகத்தில் கடதாசியில் போக வேண்டும். நம்பர் சொல்லிப் பிரித்ததில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் மேல் வீட்டு அம்மா. எழும்பி ஓடலாம் போல இருந்தது.

ஒரு மனிதரின் முகத்தை அவ்வளவு நேரம் நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. காதுச் சோணையில் ஓட்டை நீளமாக இழுபட்டிருந்தது, பாரமான தோடு போட்டுப் பழகின காது. இடது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. இத்தனை நாள் ஒரே லிஃப்டில் போய் வந்தும் அந்தக் கண்ணை நான் கண்டதில்லை. அவரும் என்னை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது எனக்கு. முடித்துக் கடதாசியைத் திருப்பினால், நான் வரைந்த மூக்கு முகத்துக்கு வெளியே போய்விட்டது, கண் நாடிக்குக் கீழே. அவர் வரைந்ததில் என் வாய் நெற்றிக்குப் போயிருந்தது. "மே மகே மூணத?" இதுவா என் முகம் என்று கேட்டுவிட்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிடுமோ என்று பயந்தேன். நானும் சிரித்தேன், சத்தமாக. என் மகள் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்து மேசையில் சித்திரம் ஒரு பாடமாகப் படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் வரைந்ததும் எங்களுடையது போலவே கோணல். கடதாசியைப் பார்க்காமல் வரைந்தால் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் அவ்வளவாக நிற்காது. அதனால்தான் முதல் நாளே அதை வைக்கிறோம் என்று மிஸ் பிறகு சொன்னார். ஐந்தாம் மாடியில் இருந்து வரும் காது கேளாத தம்பி ஒருவனும் இருந்தான். எல்லாம் கையால் காட்டிச் செய்யும் இடம் என்பதால் அவன்தான் எங்களுக்கு முன்னால் விளங்கிக்கொள்வான், விளங்காதவர்கள் அவனைப் பார்த்துச் செய்வோம்.

தண்ணீர் நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை, இன்றைக்கும் இறங்குகிறது. குழாய் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் எங்கோ வெடித்திருக்கிறது, திருத்த வேண்டியவர்கள் வருவதில்லை. முன்பு ஆளுக்காள் ஏசினோம், இப்போது இரண்டு பேரும் சேர்ந்து போய் முறைப்பாடு கொடுக்கிறோம்.

இனி உங்கள் கேள்வி. பட்டறையில் "ரொம்ப வடிவு, சூப்பர்" என்று எல்லாருடைய படத்தையும் புகழ்வார்கள். எனக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. கோணல் மூக்கைப் பார்த்து வடிவு என்றால் பொய் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு உதவியது மண்டபத்துச் சாவி. வயது போன மற்றவர்களை விட நான் நேரத்துக்கு வருகிறேன் என்று சாவியை என்னிடம் தந்துவிட்டார்கள். சாவி என் கையில் என்றால் நான் இறங்கித்தான் ஆக வேண்டும், லிஃப்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும். காவல்காரரிடம் லைட் போடச் சொல்ல வேண்டும், அதுவும் சிங்களத்தில். மிஸ் வராத நாளில் பட்டறை நடத்தும் சிங்களத் தம்பி சொல்வதைத் தமிழ் அம்மாக்களுக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. பிழை பிழையாகச் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை, அவரவர் கையில் பசை. கூச்சப்பட நேரம் இல்லாமல் போனது என்றுதான் சொல்வேன். இப்போதும் புது இடத்தில் நான் பின்வரிசையில்தான் உட்காருவேன். ஆனால் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்துக்கு மகனை அனுப்பாமல் நானே போகிறேன்.

ஆதாரம் எங்கே என்று ஒருவர் வருவார் என்று தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019 இல் ஒரு அறிக்கை விட்டது, 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, கலை வேலைகள் உடல் நலத்துக்கும் மன நலத்துக்கும் உதவுகின்றன என்று சொல்கிறது. மகன் தேடித் தந்தது. வெளிநாட்டுக் கதை என்றால் மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பாருங்கள், போரில் அடிபட்ட பிள்ளைகளுக்கு, தமிழ், முஸ்லிம் என்று பிரிக்காமல், படமும் களிமண்ணும் கதையுமாக நடத்தினார்கள். உடல் இயலாமை உள்ளவர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஆடி நடிக்கும் சுனேரா மன்றத்தின் பட்டறைகள் 2000 ஆம் ஆண்டில் இருந்து நடக்கின்றன. என்ஜிஓ கணக்கு என்று ஒரே வீச்சில் தள்ள முடியாது.

ஆனால் தள்ள வேண்டியதும் இருக்கிறது. முடிவில் எங்கள் படங்களை நகரத்தின் பணக்காரப் பக்கத்தில் கண்காட்சி வைத்தார்கள். பஸ் பிடித்து, இருப்பதில் நல்ல சேலை கட்டிப் போனோம். படத்துக்குக் கீழே எங்கள் பெயர் இல்லை, "பெண்கள் குழு" என்று மட்டும். வந்திருந்த ஒரு அம்மையார் குழந்தையிடம் கேட்பது போல மெதுவாக, "உங்களுக்குச் சந்தோசமா?" என்று கேட்டார். பிளேன்டீயும் ரோல்ஸும் அவர்களுக்கு ஒரு மேசை, எங்களுக்குப் பின்னால் பார்சல். மேல் வீட்டு அம்மா பார்சலை வாங்காமல் முன் மேசைக்கே நடந்துபோய் ரோல்ஸ் எடுத்துவந்தார். எனக்கு அந்தத் துணிவு இன்னும் வரவில்லை. எந்த அமைப்பு என்று கேட்காதீர்கள், எழுத மாட்டேன்.

அதை விட எனக்குப் பிடித்தது கலா பொல. 1993 இல் தொடங்கிய வீதிச் சந்தை, வருடத்தில் ஒரு நாள் விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் நடக்கும். வரைந்தவர்களே மரத்தடியில் படத்தைச் சாத்திவைத்து விற்பார்கள். உள்ளே போகக் காசு இல்லை, நீ யார் என்று கேட்க ஆளும் இல்லை. ஒரு படத்தின் விலையை நானே கேட்டேன். வாங்கவில்லை, அது வேறு விஷயம்.

கேட்டதற்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். பட்டறை, பயிற்சி, சமூக இணைப்பு என்று எங்கள் தொடர்மாடிக்கு ஆள் மாறி ஆள் வருகிறார்கள். வீட்டு உறுதிப் பத்திரத்தை மட்டும் ஒருவரும் கொண்டுவருவதில்லை. சின்ன மகளை முதலாம் தரத்துக்குச் சேர்க்கப் போனபோது, வாக்காளர் இடாப்பில் எங்கள் பெயர் இருந்தும், வீடு எங்களுடையது என்று காட்ட உறுதி இல்லாததால் புள்ளி குறைந்துவிட்டது. பாடசாலை மதிலை எங்கள் ஜன்னலில் இருந்து பார்க்கலாம். பிள்ளை வேன் பிடித்துத் தூரத்துப் பாடசாலைக்குப் போகிறாள். இதற்கு என்ன படம் வரைவது?

சரி, உங்களுக்கு வருகிறேன். ஒரு நாள் பட்டறை என்றால் மினக்கெட வேண்டாம், அதில் மிஞ்சுவது குரூப் போட்டோ மட்டும்தான். அதே ஆட்கள் கிழமைக்குக் கிழமை வரும் இடமாகப் பாருங்கள். தமிழில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்று முன்கூட்டியே போன் பண்ணிக் கேளுங்கள். கேட்க வெட்கம் என்றால் மெசேஜ் போடுங்கள். மாடிப்படி, கழிவறை, பிள்ளையைக் கூட்டிவரலாமா, எத்தனை மணிக்கு முடியும், இவற்றையும் கேளுங்கள். இருட்டின பிறகு முடிந்தால் உங்கள் வீட்டில் விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். முதல் நாள் வரைந்ததை வீட்டில் காட்டாதீர்கள். என் கணவர் நல்ல மனிதர்தான், ஆனால் நான் வரைந்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு "இது என்ன, கருவாடா?" என்று கேட்டார்.

மட்டக்குளி, முகத்துவாரம் பக்கம் என்றால் கீழே எழுதுங்கள், எங்கள் மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரம் இன்னும் நடக்கிறது. வெள்ளவத்தைப் பக்கம் எனக்குப் பழக்கம் இல்லை. பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வாருங்கள். போஸ்டர் கலர் கழுவினால் போகும், அக்ரிலிக் காய்ந்தால் போகாது.