பையைப் பார்த்துக்கொண்டிருப்பவள்

கேள்வி: அன்புள்ள ரீச்சர், எனக்கு 17 வயது. பாடசாலைக் கூடைப்பந்து அணியில் விளையாடுகிறேன். சூட்டிங் நன்றாக வரும். ஆனால் ஒருத்தியைப் பிடி என்று விட்டால், ஒரே தட்டில் என்னைக் கடந்து போய்விடுகிறாள். போன மட்சில் எதிரணியின் 7ஆம் நம்பரைத் தடுக்கப் போய், மூன்றாம் கால்பகுதியிலேயே ஐந்து ஃபவுலோடு வெளியே வந்தேன். "டிபென்ஸ் வராவிட்டால் அடுத்த மட்சில் உனக்கு வாங்குதான்" என்று கோச் சொல்லிவிட்டார். யூடியூபில் நிறையப் பார்த்தேன். பந்தைத் தட்டிப் பறிக்க நல்ல முறை எது? டிபென்ஸைத் தனியாகவே பழக என்ன வழி? எனக்குப் பழக யாரும் இல்லை, மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் ரியூசன். அம்மா தனிய விடமாட்டா என்பதால் தங்கச்சி மட்டும் துணைக்கு வருவாள், அவள் படியில் இருந்து பையையும் போனையும் பார்த்துக்கொள்வாள். அப்புறம், டிபென்ஸ் நன்றாகச் செய்தாலும் யார் கவனிக்கப் போகிறார்கள்? ஸ்கோர் ஷீட்டில்கூட வராதே.
— ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்: மகள், "பழக யாரும் இல்லை" என்று எழுதிவிட்டு, ஒரு வரி தள்ளி ஒருத்தியைப் படியில் இருத்தி வைத்திருக்கிறாய். இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான். எழுதும்போது உனக்கு ஒன்றும் உறுத்தவில்லையா?

சூட்டிங் வருகிறது, டிபென்ஸ் வரவில்லை என்ற கடிதம் எனக்குப் புதிது இல்லை. பாடசாலையில் விளையாட்டுப் படிப்பித்த காலத்திலும் இதே முறைப்பாடுதான், இப்போது தபாலிலும் இதேதான். முழங்கால், பாதம், கை என்று எழுதி அனுப்பிவிடலாம். உனக்கும் எழுதத்தான் போகிறேன். ஆனால் அந்தப் படியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

நாலரைக்குப் போனால் நீ இருட்டும்வரை நிற்பாய் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நேரமும் ஒரு பிள்ளை நுளம்புக்கடி வாங்கிக்கொண்டு உன் பையைக் காக்கிறது. அவளுக்கும் பாடம் இருக்கும், சிநேகிதிகள் இருப்பார்கள், விளையாட ஆசைகூட இருக்கலாம். உன் அம்மா செய்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன். இருட்டுகிற நேரத்தில் வயதுப் பிள்ளையைத் தனியே விட எனக்கும் மனம் வராது. ஆனால் பெரியவளுக்காகச் சின்னவள் மேல் ஒரு சுமையை வைத்தால், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவள் பெரியவள்தான். அக்கா என்ற சொல்லுக்கு எங்கள் வீடுகளில் அப்படித்தான் பொருள். நீ இதுவரை என்ன திருப்பிக் கொடுத்தாய்?

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். அதுவும் கடைசியில் அந்தப் படியில்தான் போய் நிற்கும்.

பந்தைத் தட்டிப் பறிக்கும் முறையை நான் சொல்லித்தரப் போவதில்லை. உன் நோயே அதுதான். 7ஆம் நம்பர் உனக்கு முன்னால் பந்தைத் தட்டுகிறாள். உனக்குப் பந்து மட்டும்தான் தெரிகிறது. கை நீள்கிறது, கையோடு தோள் போகிறது, உடம்பின் பாரம் முழுக்க முன்காலில் விழுகிறது. பாரம் விழுந்த காலை உடனே தூக்க முடியாது. அவள் அந்தக் காலின் பக்கமாகவே போய்விடுகிறாள். பிறகு நீ பின்னால் ஓடிப்போய் அவளுடைய கையில் அடிக்கிறாய், விசில் ஊதுகிறது. கடந்து போவதும் ஃபவுலும் இரண்டு குறை என்று நினைத்து எழுதியிருக்கிறாய். இரண்டும் ஒன்றுதான். அந்த ஐந்து ஃபவுலும் உன்னோடு முடிந்துவிடவும் இல்லை. ஒரு கால்பகுதியில் அணிக்கு நாலு ஃபவுல் சேர்ந்தால், ஐந்தாவதில் இருந்து ஒவ்வொன்றுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்க முடியாத எறி. நீ அவசரப்பட்டு நீட்டிய கைக்கு மற்ற நாலு பிள்ளைகளும் சேர்ந்து தண்டம் கட்டியிருக்கிறார்கள்.

தடுப்பாட்டம் காலில் இருந்து வருவது. தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காலை அகட்டி நில். முழங்காலை மடக்கி இடுப்பை இறக்கு, முதுகைக் கூனாதே. குதிக்காலுக்குக் கீழே ஒரு கடதாசி நுழையும் அளவுக்குப் பாரம் முன்பாதத்தில் இருக்கட்டும். பக்கவாட்டில் போகும்போது காலோடு கால் பின்னக் கூடாது. போகிற பக்கத்துக் காலை எடுத்து வைப்பதைவிட, மற்றக் காலால் நிலத்தைத் தள்ளு. தள்ளினால்தான் வேகம் வரும். கண்ணை அவளுடைய இடுப்பில் வை. பந்து ஏமாற்றும், தோளும் கண்ணும் ஏமாற்றும், இடுப்பை எங்கேயும் விட்டுவிட்டு ஒருத்தியும் போக முடியாது. அவள் உன் முன்கால் பக்கம் திரும்பினால் பந்தைப் பிடிக்கப் பார்க்காதே. அந்தக் காலைப் பின்னால் வீசி வைத்து, புதுத் திசையில் அவளுக்கு முன்னால் போய் நில். நடுவில் விடாமல் பக்கக் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போ. கோட்டைத் தாண்ட அவளுக்கு வழி இல்லை.

இதில் நிற்பதையும் சறுக்கிப் போவதையும் தனியே செய்யலாம். அதற்கு மேலே ஒன்றும் தனியே வராது. சூட்டிங்குக்கு ஒரு வளையம் போதும், பந்து தட்டிப் பழக ஒரு முற்றம் போதும். தடுப்பது என்பது இன்னொருத்தியின் உடம்புக்கு மறுமொழி சொல்வது. அந்த உடம்பு முன்னால் இல்லாவிட்டால் நீ எதற்கு மறுமொழி சொல்வாய்? யூடியூப் பெட்டைகள் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று இரண்டாம் தரம் பார்க்கும்போதே உனக்குத் தெரிந்துவிடும். 7ஆம் நம்பர் அப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டுத் திரும்புவாளா?

ஆகவே படியில் இருக்கிறவளிடம் போ. போனதும் பந்தை அவள் கையில் கொடுத்துவிடாதே. முதலில் பக்கத்தில் இருந்து ஒரு கேள்வி கேள்: "என்னை எல்லாரும் எந்தப் பக்கத்தால் கடந்து போகினம்?" நாள் கணக்காக உன்னை மட்டுமே பார்த்துக்கொண்டு இருந்தவள் அவள். உன் கோச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்க்க வேண்டும், அவளுக்கு நீ ஒருத்திதான். எந்தக் கால் முந்துகிறது, எப்போது நிமிர்ந்துவிடுகிறாய், களைத்தால் எந்தக் கை தொங்குகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்டிருந்தால் எப்போதோ சொல்லியிருப்பாள்.

அதற்குப் பிறகு, விளையாட விருப்பமா என்று கேள். விருப்பம் என்றால் இப்படித் தொடங்கு. பக்கக் கோட்டுக்கும் கோர்ட்டின் நடுவுக்கும் இடையில், ஏழரை மீட்டர் அகலத்துக்குள் அவள் பந்தோடு வளைந்து வளைந்து மற்ற முனைக்குப் போகட்டும். பந்து தட்டத் தெரியாவிட்டால் கையில் பிடித்துக்கொண்டு ஓடட்டும். நீ ஒரு துவாயைப் பின்னால் பிடித்து, இரண்டு கையையும் அதிலேயே வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் போ. கை இல்லை என்றானதும் உன் கால் வேலை செய்யத் தொடங்கும். முதல் நாள் அவள் உன்னை ஆறேழு தரம் கடந்து போவாள், சிரிக்கவும் செய்வாள். சிரிக்கட்டும். உன்னைவிடக் கட்டையானவள் என்றால் இன்னும் நல்லது, அவளுடைய இடுப்பைப் பார்க்க நீ குனிந்தே ஆக வேண்டும்.

அடுத்தது, ஃப்ரீ த்ரோ வட்டத்தின் நடுவில் பந்தை வை. வட்டம் 3.6 மீட்டர் குறுக்களவு. அவள் கோட்டுக்கு வெளியே நிற்கட்டும், நீ அவளுக்கு முதுகைக் கொடுத்து உள்ளே நில். ஐந்து எண்ணும்வரை அவள் பந்தைத் தொடக் கூடாது. கையால் பிடிக்காமல், முதுகாலும் இடுப்பாலும் அவள் எங்கே போகிறாள் என்று உணர வேண்டும். ரீபவுண்டுக்கு, அதாவது வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எடுக்க, ஆளை அடைத்து நிற்பது இதுதான். அப்புறம், வளையத்துக்குக் கீழே நின்று பந்தை அவளிடம் உருட்டிவிட்டு அவளை நோக்கி ஓடு. முக்கால்வாசித் தூரம் வேகமாக, கடைசி இரண்டு மூன்று அடி சின்னச் சின்ன எட்டாக, ஒரு கை மேலே. அதே வேகத்தில் போய் நின்றால் அவள் உன் பக்கத்தால் போய்விடுவாள். ஒவ்வொரு பயிற்சியிலும் பாதி நேரம் இடத்தை மாற்றுங்கள். அவள் தடுக்கட்டும், நீ போ. அவள் உனக்கு வைத்த கம்பம் இல்லை.

ஸ்கோர் ஷீட்டில் வராது என்று கவலைப்பட்டாயே. பில் ரசல் என்று ஒரு மனிதர், பொஸ்டன் செல்ட்டிக்ஸ் அணிக்காக 13 பருவம் விளையாடி 11 தரம் கிண்ணம் வென்றவர். எதிராளி எறியும் பந்தைத் தடுப்பதில் பெயர் எடுத்தவர். தடுத்த பந்தை வெளியே அடித்துக் கைதட்டு வாங்காமல், தன் அணிக்காரன் கையில் விழும்படி தட்டிவிடுவார். அவர் விளையாட்டை விட்டது 1969இல். தடுத்த எறிகளை அந்த அணி ஆடும் அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ கணக்கில் எழுதத் தொடங்கியது 1973–74 பருவத்தில். அவர் வாழ்நாளில் தடுத்தது எத்தனை என்று அதிகாரபூர்வமாக ஓர் எண் இல்லை. ஆனால் அந்தக் கிண்ணங்கள் இருக்கின்றன. தாளில் வராத வேலைக்கு மதிப்பு இல்லை என்று நீ நினைப்பதால்தான் படியில் இருக்கிறவளின் வேலையும் உன் கண்ணில் படவில்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஹேபர்ட் அடிகளாரைப் பற்றி உன் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவில் லூசியானாவில் பிறந்தவர். 1948இல் இங்கே வந்து, மிக்கேல் கல்லூரியிலும் திருகோணமலை சூசையப்பர் கல்லூரியிலும் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். கூட வந்த பையனும் திரும்பவில்லை. கடல் கடந்து வந்து ஊரார் பிள்ளைகளுக்குப் பந்தைக் கொடுத்தார் அந்த மனிதர். நீ உன் கூடப்பிறந்தவளுக்குக் கொடுக்க மூன்று படி ஏற வேண்டும், அவ்வளவுதான்.

நான் இவ்வளவு கோபப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. என் அக்கா வலைப்பந்து விளையாடினா. நான் அவவின் செருப்பைப் பார்த்துக்கொண்டு வேப்பமரத்தடியில் இருப்பேன். மண் ஒட்டாமல் இருக்க மடியில் வைத்திருப்பேன். வார் அறுந்து ஊசியால் குத்தியிருந்த அந்தச் செருப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒரு நாள் பயிற்சிக்கு ஒரு ஆள் குறைந்தது. நான் செருப்பைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்றேன். அக்கா வேறொரு பிள்ளையைக் கூப்பிட்டா. நாற்பது வருடம் கழித்துக் கனடாவில் இருந்து போனில் கதைக்கும்போது, "உனக்கும் விளையாட ஆசை இருந்ததாடி?" என்று கேட்டா. நான் மறுமொழி சொல்லாமல் சமையலைப் பற்றிக் கதைத்தேன்.

உன் தங்கச்சி "விருப்பம் இல்லை" என்று சொன்னால் அதையும் கேள். கட்டாயப்படுத்தாதே. அம்மாவிடம் நீயே பேசி, அவளை வீட்டில் விட்டுவிட்டு, ரியூசன் இல்லாத நாளில் அணியில் ஒருத்தியைத் துணைக்குப் பிடி. அவளுடைய பின்னேரம் அவளுக்கு வேண்டும். அடுத்த மட்சில் நீ வாங்கில் இருந்தாலும் இருந்துவிட்டுப் போ.

விருப்பம் என்றால், பையை வீட்டில் வைத்துவிட்டு ஒரு தண்ணீர்ப் போத்தலோடு இரண்டு பேரும் போங்கள். காக்க ஒன்றும் இருக்கக் கூடாது. அவளுக்குச் சப்பாத்து இருக்கிறதா என்று பார், செருப்போடு சீமெந்துத் தரையில் ஓட விடாதே. ஒரு மாதம் கழித்து எனக்கு எழுது. உன்னைக் கடந்து போனவளின் நம்பரை எழுதியிருந்தாய், கோச் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதியிருந்தாய். தங்கச்சியின் பெயர் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அடுத்த தரம் அதையும் எழுது.