உப்புத் தண்ணீரும் கறிவேப்பிலையும்: கடற்கரை வீட்டுத் தோட்டம், கேள்வி பதில்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோர வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம்.

மாடியில் குரோ பேக்கில் வெந்தயக்கீரை, பீன்ஸ், கத்தரி வைத்திருக்கிறேன். முளைத்து வரும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மாதத்தில் இலை ஓரமெல்லாம் கருகிவிடுகிறது. போர் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும். உரம் போதவில்லையா?
*வாசகி, தேவிபட்டினம்*

உரம் போட்டால் இன்னும் கெடும். கருகல் அடி இலைகளின் நுனியில் தொடங்கி ஓரம் வழியே உள்ளே வருகிறதா, பையின் விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் அது உப்புதான். வேர் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறது, உப்பில் பெரும்பங்கு பையிலேயே தங்கிவிடுகிறது. தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் தினமும் கொஞ்சம் உப்பைச் சேர்த்து வைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதலில் ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) வாங்கித் தண்ணீரை அளந்துவிடுங்கள். லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் எதையும் வளர்க்கலாம். 450 முதல் 2000 வரை என்றால் செடியைத் தேர்ந்தெடுத்துத்தான் வைக்க வேண்டும். 2000க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிக் காய்கறி வைப்பது வீண் வேலை.

சேர்ந்த உப்பை வெளியேற்ற ஒரே வழி கழுவுவதுதான். 15 லிட்டர் மண் பிடிக்கும் பைக்கு 25 முதல் 30 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். ஒரே மூச்சில் கொட்டினால் ஓரமாக வழிந்து போய்விடும். மூன்று தவணையாக, அரை மணி நேர இடைவெளியில், மெதுவாக ஊற்றுங்கள். அடித்துளை அடைபட்டிருந்தால் ஒரு குச்சியால் குத்திவிட்டுத் தொடங்குங்கள். இந்த வேலையை ஐப்பசி மழை இலவசமாகச் செய்து தரும். நாம்தான் மழை வந்ததும் பைகளைச் சன்ஷேடுக்கு அடியில் இழுத்து வைத்துவிடுகிறோம். நாற்றைத் தவிர மற்றதெல்லாம் நனையட்டும். கழுவும்போது தழைச்சத்தும் சேர்ந்து போய்விடும் என்பதால், ஒரு வாரம் கழித்துப் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் கொடுங்கள்.

அதன்பிறகு ஊற்றும் முறையை மாற்ற வேண்டும். துளையில் கொஞ்சம் வடியும் அளவுக்கு நிறைய ஊற்றி, மேல்மண் காய்ந்தபின் அடுத்த முறை ஊற்றுங்கள். தூரில் மட்டும் ஊற்றுங்கள். இலை மேல் தெளித்த உப்புத் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் இலை நேரடியாகவே வெந்துவிடும்.

மழைநீரைப் பிடிப்பது இங்கே அடியுரத்துக்குச் சமம். 100 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே விழும். சிந்தியது போக 75, 80 லிட்டர் டிரம்முக்கு வந்துவிடும். 1600 இருக்கும் போர் தண்ணீரோடு சரிபாதி மழைநீர் கலந்தால் 800 பக்கம் இறங்கிவிடும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீர் கூடவே கூடாது. மெஷின் பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. வீணாகிறதே என்று அதைச் செடிக்கு ஊற்றிச் செடியைக் கொன்ற வீடுகள் நிறைய.

உப்பு பைக்குள் நுழையும் இன்னொரு திருட்டு வழி தேங்காய் நார்க்கழிவு. கடலோரத்தில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்ததென்றால் அதிலேயே உப்பு இருக்கும். வாளியில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் பிழிந்து தண்ணீரைக் கொட்டுங்கள். இப்படி மூன்று முறை செய்து, கடைசித் தண்ணீரை மீட்டரில் பார்த்துவிட்டு மண்ணோடு கலங்கள்.

செடித் தேர்வு: பீன்ஸ், கேரட், வெங்காயம் மூன்றும் உப்பைத் தாங்கவே தாங்காது, விட்டுவிடுங்கள். கத்தரியும் மிளகாயும் நடுத்தரம். கொத்தவரை, தட்டைப்பயறு, பீட்ரூட், பருப்புக்கீரை நன்றாகவே தாங்கும். பீன்ஸ் பொரியலுக்குப் பதில் கொத்தவரங்காய் பருப்பு உசிலி என்று பழகிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

கறிவேப்பிலை இரண்டு வருடமாக முழங்கால் உயரத்திலேயே நிற்கிறது. புது இலை எல்லாம் மஞ்சள். மோர் ஊற்றியும் பலன் இல்லை.
*வாசகர், தங்கச்சிமடம்*

மஞ்சளான இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறதல்லவா? அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்பதல்ல. உங்கள் ராமேஸ்வரம் தீவு மண்ணில் சிப்பியும் பவளக்கல் தூளும் கலந்திருப்பதால் சுண்ணாம்பு அதிகம், அது இரும்பை வேருக்குக் கிடைக்கவிடாமல் கட்டிப்போடுகிறது. ஒரு டம்ளர் மோரால் அவ்வளவு சுண்ணாம்பை அசைக்க முடியாது.

இலை வழியாகக் கொடுங்கள். ஒரு லிட்டர் மழைநீரில் முதலில் அரை எலுமிச்சம்பழச் சாறு, அதன்பின் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்). கரைசல் இளம்பச்சையாக இருக்க வேண்டும். துரு நிறத்துக்கு மாறிவிட்டால் பயனில்லை, கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். வெயில் இறங்கியபின் இலையின் இரு பக்கமும் நனையத் தெளித்து, பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை செய்யுங்கள். முன்பே மஞ்சளான இலை முழுதாகத் தேறாமல் போகலாம், அடுத்து வரும் துளிரைப் பாருங்கள். தெளித்தபின் பத்து நாளாவது சமையலுக்குப் பறிக்க வேண்டாம்.

உயரம் வராததற்கு இலையை உருவிப் பறிப்பதும் காரணமாக இருக்கலாம். குச்சியோடு நறுக்கி எடுத்தால் வெட்டிய இடத்தில் இரண்டு மூன்று கிளை வெடிக்கும். இலைமேல் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. மருந்து எதற்கு, கையால் எடுத்துப் போட்டால் போதும்.

மீன்குழம்புக்கு ஒரு சொல்: தாளிப்பில் பாதி இலை போதும். மீதியைக் குழம்பு இறக்கும்போது கையால் கசக்கிப் போட்டு மூடிவிடுங்கள். கறிவேப்பிலையின் வாசம் ஆவியாகும் எண்ணெயில் இருப்பது, நெடுநேரம் கொதித்தால் பறந்துவிடும்.

மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா? கழிவில் உரம் செய்வது எப்படி?
*வாசகி, ஏர்வாடி*

எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்தது. கல் உப்புப் போட்டு உரசி வழவழப்பு எடுக்கும் தண்ணீர் சாக்கடைக்கு. அதற்கடுத்து அலசும் இரண்டாம், மூன்றாம் தண்ணீர் செடிக்கு நல்லது. ஊற்றியதும் மேலே ஒரு கை மண் தூவுங்கள், இல்லையென்றால் ஈயும் பூனையும் வந்துவிடும்.

மீன் அமிலம் என்ற திரவ உரம் செய்ய, செதில், குடல், செவுள் என ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ நாட்டுச்சர்க்கரை. கருவாட்டுக் கழிவு ஆகாது. தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்காமல் பிசைந்து, பிளாஸ்டிக் டப்பாவில் முக்கால் பாகம் வரை நிரப்பி, மூடி நிழலில் வையுங்கள். முதல் வாரம் இரண்டு நாளைக்கு ஒருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றை விடாவிட்டால் டப்பா உப்பிக்கொள்ளும். 21 நாளுக்குப் பின் தேன் பதத்தில், புளித்த பழ வாசனையோடு இருந்தால் வடிகட்டிக்கொள்ளுங்கள். பிணநாற்றம் அடித்துப் புழு நெளிந்தால் சர்க்கரை குறைந்துவிட்டது அல்லது தண்ணீர் பட்டுவிட்டது. அதை எட்டத்தில் குழிதோண்டிப் புதைக்க வேண்டியதுதான். லிட்டருக்கு 5 மில்லி கலந்து 15 நாளுக்கு ஒருமுறை தெளிக்கலாம். கீரைக்கென்றால் பறிப்பதற்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

முண்டு மிளகாய் தொட்டியில் வருமா?
*வாசகர், உச்சிப்புளி*

வரும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு, இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய பயிர். ஆவணிக் கடைசியில் நாற்று விட்டு, 40 நாள் ஆனதும் 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி என்று மாற்றுங்கள். வெறும் மணல் தண்ணீரைப் பிடிக்காது. செம்மண் இரண்டு பங்கு, கண்மாய் வண்டல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, அதோடு 50 கிராம் வேப்பம்புண்ணாக்கு சேர்த்துக்கொள்ளுங்கள். தை பிறந்ததும் பழம் எடுக்கத் தொடங்கலாம்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப், மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். செடி முழுதும் குறுகிச் சிற்றிலையாகிப் போனால் அது வைரஸ், பிடுங்கி எறிவதைத் தவிர வழியில்லை.

பழத்தைப் பாயில் ஒரே அடுக்காகப் பரப்பிக் காயவைத்து, பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிடுங்கள். பனி பட்ட வத்தல் வெள்ளை பாய்ந்துவிடும். தோல் தடித்த உருண்டை என்பதால் நீட்டு மிளகாயைவிட இரண்டொரு நாள் கூடவே ஆகும். காதருகே வைத்து ஆட்டினால் விதை கலகலவென்று உருள வேண்டும். அதுதான் டப்பாவில் அடைக்கும் பதம்.

உப்பளத்தை ஒட்டி முளைக்கும் உமரியைச் சாப்பிடலாமா?
*வாசகி, வாலிநோக்கம்*

சாப்பிடலாம். சாக்கடையும் இறால் பண்ணைக் கழிவும் கலக்காத இடத்தில் நுனித் தளிரை மட்டும் கிள்ளுங்கள். நான்கு கைப்பிடிக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்கவைத்து, கீரையை ஐந்து நிமிடம் வேகவிட்டு வடித்துவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னொரு முறை அப்படியே செய்யுங்கள். ஆறியதும் பிழிந்து நறுக்கி, எட்டுச் சின்ன வெங்காயம், இரண்டு முண்டு வத்தல் தாளித்து, மலர வெந்த பாசிப்பருப்பு அரை டம்ளரும் தேங்காய்ப்பூவும் சேர்த்துக் கிளறி இறக்கினால் போதும். வாயில் போட்டுப் பார்க்காமல் உப்பை மட்டும் தொடாதீர்கள், அநேகமாகத் தேவைப்படாது. ரத்தக்கொதிப்பு, சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்களுக்கு இந்தக் கீரை வேண்டாம்.

வடித்த தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிடாதீர்கள்.