கோடு ஏன் நடுங்குகிறது? – கேள்வி பதில்

ஓவியம் பழகத் தொடங்கியிருப்பவர்கள் கோடு, வட்டம், பெட்டி பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: அக்கா, நேர்கோடு போட்டால் புழு நெளிந்தது போல வருகிறது. மெதுவாக, கவனமாகத்தான் போடுகிறேன். (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: அந்தக் கவனம்தான் கெடுக்கிறது. பென்சில் முனையையே பார்த்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தினால், ஒவ்வோர் அங்குலத்திலும் கண் ஒரு திருத்தம் சொல்லும், கையும் கேட்கும். அந்தத் திருத்தங்கள்தான் தாளில் நெளிவாகப் பதிகின்றன. இரண்டு புள்ளி வையுங்கள். முனை தாளைத் தொடாமல், ஒரு புள்ளியிலிருந்து மற்றதற்கு நாலைந்து முறை வெறும் கையை ஓட்டுங்கள். கை பழகியதும் அதே வேகத்தில் முனையை இறக்கி, போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பார்த்தபடி இழுத்துவிடுங்கள். கோடு புள்ளியைத் தாண்டிப் போகலாம், அரை விரற்கடை தள்ளி விழலாம். போகட்டும். குறி தவறிய நேர்கோடு பழகப் பழகக் குறிக்கு வந்துவிடும். குறி தப்பாமல் நெளிகிற கோடு கைக்குப் பழகிவிட்டால் அதை விடுவிப்பது பெரும்பாடு.

கேள்வி: தோளிலிருந்து வரைய வேண்டும் என்கிறார்களே, எப்படி?

பதில்: மணிக்கட்டை மேசையில் ஊன்றிவைத்து ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டுப் பாருங்கள். வில் போல வளையும். மணிக்கட்டு ஒரு கதவுக் கீல்; அதைச் சுற்றி முனை வளையத்தான் முடியும். நீளக் கோட்டுக்கு முழங்கையும் தோளும் சேர்ந்து நகர வேண்டும்.

என் அம்மாவுக்குத் தாளில் ஒரு பூ வரைய வராது. மார்கழியில் வாசலில் கம்பிக்கோலம் இழுக்கும்போது பார்க்க வேண்டும். குனிந்த நிலையில் கை முழுவதும் தோளிலிருந்து வீசிப் போகும், காலும் கூடவே நகரும். தயங்கினால் மாவு அந்த இடத்தில் குவிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அவர் தயங்குவதே இல்லை. உங்கள் வீட்டில் கோலம் போடுகிறவர் இருந்தால் ஒரு நாள் காலையில் அவருடைய விரலை விட்டுவிட்டுத் தோளைப் பாருங்கள். மணிக்கட்டு வேண்டவே வேண்டாம் என்பதில்லை. இமைமுடி, எழுத்து போன்ற சின்ன வேலைகள் அதற்குரியவை.

கேள்வி: ரப்பர் பயன்படுத்தலாமா?

பதில்: பயிற்சியின்போது வேண்டாம். பால்பாயிண்ட் பேனா எடுங்கள், அழிக்கும் பழக்கம் தானாகவே நின்றுவிடும். ஸ்கேலும் அப்படித்தான்: போட்ட கோட்டைச் சரிபார்க்க மட்டும்.

கேள்வி: காம்பஸ் இல்லாமல் கச்சிதமான வட்டம் வந்தால்தான் ஓவியரா சார்?

பதில்: முதலில், நான் சார் இல்லை! ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய இத்தாலியர் வசாரி 1550இல் வெளியிட்ட நூலில், அவருக்கு முந்தைய காலத்து இத்தாலிய ஓவியர் ஜோட்டோவைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. போப்பாண்டவரின் ஆள் வந்து மாதிரி ஓவியம் கேட்க, ஜோட்டோ தூரிகையால் ஒரே இழுப்பில் சிவப்பு வட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாராம். எல்லோரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள், அதிலுள்ள ஒரு நுணுக்கத்தை விட்டுவிடுகிறார்கள். வரையும்போது அவர் கையை விலாவோடு அணைத்து, கையையே காம்பஸ் ஆக்கிக்கொண்டார் என்கிறார் வசாரி. கதை நடந்ததோ இல்லையோ, வழி சரியானது. உங்களுக்கு அவ்வளவு கச்சிதம் தேவையில்லை. வெறும் கையை இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, தாளிலும் இரண்டு சுற்று சுற்றுங்கள். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் மூக்கு போல முட்டிக்கொள்ளாது.

கேள்வி: எவர்சில்வர் தம்ளர் வரைந்தேன். வாய் சரியாக இருக்கிறது, அடி மட்டும் ஏதோ தவறாகத் தெரிகிறது. (தஞ்சாவூர்)

பதில்: படம் பார்த்தேன். வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, தம்ளர் மேசைமேல் தட்டையாக நிற்கிறது என்று அடியை நேர்கோடாக முடித்துவிட்டீர்கள். கண்ணில் படுவதை விட்டுவிட்டு மனத்துக்குத் தெரிந்ததை வரைந்திருக்கிறீர்கள். தம்ளரைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்தால் அதன் வாய் வெறும் கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள், வாய் திறந்துகொண்டே வரும். கண்ணுக்குக் கீழே போகப் போக வட்டம் அகலமாகத் திறக்கும். ஆகவே மேசைமேல் நிற்கும் தம்ளரின் அடி, வாயைவிடச் சற்றுக் கூடுதலாக வளைந்திருக்க வேண்டும். இன்னொன்று: வாயின் இரு ஓரங்களும் மாவிலை நுனி போலக் கூராக இருக்கின்றன. நீள்வட்டத்துக்கு மூலையே கிடையாது.

கேள்வி: எனக்கு முகம் வரைய ஆசை. உருளையும் பெட்டியும் எதற்கு?

பதில்: 1904இல் பிரெஞ்சு ஓவியர் செசான், எமில் பெர்னார் என்ற இளைய ஓவியருக்கு எழுதிய கடிதத்தில் இயற்கையை உருளை, கோளம், கூம்பு ஆகியவற்றைக் கொண்டு கையாளச் சொன்னார். அதில் பெட்டி இல்லை, நான் சேர்த்துக்கொள்கிறேன். தீப்பெட்டியின் முன்பக்கத்தில் மூக்கையும் பக்கவாட்டில் காதையும் பேனாவால் வரைந்து, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முகம் திரும்பினால் காது எங்கே போகும் என்பதை அது சொல்லிவிடும்.

கேள்வி: ஓய்வுபெற்றவன், வயது 64. தினமும் எவ்வளவு நேரம்? பழைய செய்தித்தாளில் பழகலாமா அம்மா?

பதில்: தாராளமாக, ஐயா. பதினைந்து நிமிடம் கோடும் வட்டமும், பிறகு பதினைந்து நிமிடம் மனத்துக்குப் பிடித்தது எதுவானாலும். இரண்டாவதை விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். செய்தித்தாளைப் படுக்கைவாட்டில் திருப்பி, தடித்த மார்க்கரால் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இழுங்கள். அவ்வளவு பெரிய தாளில் மணிக்கட்டு எட்டவே எட்டாது. வீட்டில் எல்லோரும் படித்து முடித்த தாள்தானா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.