டேப் சேஞ்சரும் ஏவிஆரும்: கேட்டதும் சொன்னதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலைகளிலும் துணைமின் நிலையங்களிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் கேட்டவை. பெயர் வேண்டாம் என்றார்கள், வேலையை மட்டும் போட்டிருக்கிறேன். தலைப்பில்லாமல் வருபவை என் பதில்கள். டேப் சேஞ்சர் என்பது டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் சுற்று எண்ணிக்கையைப் படிப்படியாக மாற்றி வோல்டை ஏற்றி இறக்கும் கருவி, அந்தப் படிதான் டேப். ஏவிஆர் என்பது வோல்டைப் பார்த்து அதற்கு ஆணை கொடுக்கும் ரிலே.

ஆலை சார்ஜ்மேன் (உரிமம் பெற்ற மின் பொறுப்பாளர்): அண்ணே, எங்கள் 33/11 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் டேப் ஏறுகிறது, கொஞ்ச நேரத்தில் இறங்குகிறது. நாள் முழுக்க இதே கூத்து. ஒரு படி 1.25%, பேண்ட் (டேப் ஓடாமல் வோல்ட் அலையவிடும் வரம்பு) ±0.5%. ரிலே கெட்டுவிட்டதா?

ரிலே நல்லாத்தான் இருக்கு தம்பி, செட்டிங்தான் கோளாறு. 11,000 வோல்டில் 1.25% என்றால் ஒரு டேப்புக்குச் சுமார் 137 வோல்ட். உங்கள் பேண்டின் மொத்த அகலமே 110 வோல்ட்தான். கீழ் விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது ஒரு டேப் ஏற்றினால் மேல் விளிம்பைத் தாண்டிவிடும். உடனே இறக்கச் சொல்லும், இறங்கினால் ஏற்றச் சொல்லும். மொத்த அகலம் ஒரு படியைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். ±1% அல்லது ±1.25% வையுங்கள். டேப் மாறுமுன் காத்திருக்கும் தாமதம் 60 வினாடி போதும். பெரிய மோட்டார் கிளம்பும்போது வோல்ட் சில வினாடி குனிந்து நிமிரும், அதற்கெல்லாம் டேப் ஓடக்கூடாது. வேக்குவம் (வெற்றிடத்துக்குள் இணைப்பை மாற்றும்) வகை இல்லையென்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண்ணெய்க்குள் ஆர்க் அடிக்கிறது. எண்ணெய் கரியாகும், காண்டாக்ட் தேயும்.

அப்படியே விடி (வோல்டைச் சிறிதாக்கி ரிலேக்குக் காட்டும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்) ஃபியூஸையும் பாருங்கள். அது போனால் வோல்டே விழுந்துவிட்டதாக ரிலே நம்பி, டேப்பை உச்சிக்கு ஏற்றிவிடும். அண்டர்வோல்டேஜ் பிளாக் (வோல்ட் மிகவும் குறைந்தால் டேப் ஓடாமல் தடுக்கும் பூட்டு) இல்லாமல் ஆட்டோவில் விடாதீர்கள்.

லயத்து வீட்டுக்காரர்: ஐயா, ஐஸ்பெட்டிக்கு எந்த ஏவிஆர் பெட்டி வாங்கலாம்?

அது வீட்டு ஸ்டெபிலைசர், இங்கே பேசும் ஏவிஆர் அல்ல. கடைக்காரரைக் கேளுங்கள்.

பாலிடெக்னிக் மாணவர்: டேப்பை ஏன் ஹை வோல்டேஜ் பக்கம் வைக்கிறார்கள்?

அந்தப் பக்கம் கரண்ட் குறைவு, அதனால் டேப்பை மாற்றுவது எளிது. 30 எம்விஏ என்றால் 33 பக்கம் 525 ஆம்பியர், 11 பக்கம் 1,575.

துணைமின் நிலைய டெக்னீஷியன்: இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் பேரலலில். மாஸ்டர்-ஃபாலோயர் (ஒன்று டேப் மாற்ற, மற்றது அப்படியே பின்தொடரும் முறை) போதும்தானே?

ரிலே டெஸ்டர் (குறுக்கிட்டு): போதாது! சர்குலேட்டிங் கரண்ட் முறைதான் (இரண்டுக்கும் நடுவே சுற்றும் கரண்ட் குறையும்படி டேப்பை மாற்றுவது) சரி.

டெக்னீஷியன்: எங்கள் இடத்தில் மாஸ்டர்-ஃபாலோயர்தான் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை.

டெஸ்டர்: ஒன்று சிக்கி நிற்கட்டும், அப்போது தெரியும்.

நேம்பிளேட்டைப் படிக்காமலே சண்டை போடுகிறீர்கள். இரண்டும் ஒரே ரேஷியோ, ஒரே படி, ஒரே இம்பீடன்ஸ் (கரண்டுக்கு உள்ள மொத்தத் தடை) என்றால் மாஸ்டர்-ஃபாலோயர் தாராளம். ஃபாலோயர் பின்தொடராவிட்டால் அலாரம் அடித்து லாக் ஆகவேண்டும், அவ்வளவுதான். படி வேறென்றால் ஒரே டேப் எண் ஒரே வோல்டைத் தராது, அங்கே டெஸ்டர் சொல்வதுதான் நியாயம். செய்யவே கூடாதது, இரண்டு ஏவிஆரையும் தனித்தனியே ஆட்டோவில் விடுவது. ஒன்று உச்சிக்கும் மற்றது அடிக்கும் போய்விடும். இரண்டும் சேரும் பஸ்பாரில் வோல்ட் சரியாகவே தெரியும். உள்ளே இரண்டுக்கும் நடுவே எந்த வேலைக்கும் உதவாத ரியாக்டிவ் கரண்ட் சுற்றி, இரண்டையும் சூடாக்கிக்கொண்டிருக்கும். மீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர்தான் இதில் ஏமாறுவார்.

டெஸ்டர்: நான் சொன்னதும் அதேதான்.

டெக்னீஷியன்: நான் சொன்னதும்.

கடைக்காரர்: 1,000 விஏ ஸ்டெபிலைசர் நல்லதா?

மேலே பார்க்கவும்.

தோட்டத்து வயர்மேன்: லயத்துக் கடைசி வீட்டில் 212 வோல்ட்தான். டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை நானே திருப்பலாமா?

வேண்டாம். 11 கிலோவோல்ட் விநியோக டிரான்ஸ்ஃபார்மரில் இருப்பது பெரும்பாலும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திருப்பவேண்டிய டேப். மின்சாரம் ஓடும்போது கைவைத்தால் ஆள் மிஞ்சமாட்டார். 2008 முதல் நமக்கு 230 வோல்ட், கூட 10%, குறைய 6%. அதாவது 216க்குக் கீழே போகக்கூடாது. அளந்து குறித்துக்கொண்டு டிஎன்பி மின்வாரியத்தின் 15454க்குக் கூப்பிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் தோட்டத்துடையது என்றால் தகுதியுள்ள சார்ஜ்மேன் வரட்டும்.

ஆலை சார்ஜ்மேன்: இன்னொன்று அண்ணே, ஆலையில் மின்சாரம் எடுக்கும் டர்பைன் ஓடும்போது 11 பக்கம் வோல்ட் இறங்குகிறது. லைன் டிராப் காம்பென்சேஷன் (லோடு கூடும்போது லைனில் இழக்கும் வோல்டை ஈடுகட்ட வோல்டை உயர்த்தும் செட்டிங்) போட்டிருக்கிறோம்.

அதுதான் காரணம். டர்பைன் கொடுப்பதால் டிரான்ஸ்ஃபார்மர் வழி வரும் கரண்ட் குறைகிறது. லோடே குறைந்ததாக ரிலே எண்ணி வோல்டை இறக்குகிறது. தூரத்துப் பீடரில் (விநியோக லைனில்) லோடு அப்படியே இருக்கிறது. அந்த செட்டிங்கின் ஆர், எக்ஸ் (லைனின் ரெசிஸ்டன்ஸ், ரியாக்டன்ஸ்) இரண்டையும் பூஜ்ஜியமாக்கி, செட் வோல்டைச் சற்று உயர்த்துங்கள். அதற்காக சிடி (கரண்டைச் சிறிதாக்கி ரிலேக்குக் காட்டும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்) கம்பியைக் கழற்றாதீர்கள். லோடில் சிடியைத் திறந்துவிட்டால் ஆளைக் கொல்லும் வோல்ட் எழும். கழற்றியே ஆகவேண்டுமென்றால் முதலில் அதன் இரு முனையையும் இணைக்கும் ஷார்ட் லிங்க் போடுங்கள்.