பேக்கரி வாசலில் சார்ஜர்: எந்த சர்வீஸில் மாட்டுவது?

கேள்வி: பெருந்துறை பக்கம் பைபாஸ் ஓரமாக பேக்கரி வைத்திருக்கிறேனுங்க. வாசலில் 30 கிலோவாட் கார் சார்ஜர் போடலாமென்று இருக்கிறேன். கடை சர்வீஸிலேயே மாட்டிக்கொள்ளலாமா? யூனிட்டுக்கு எவ்வளவு வாங்கினால் கட்டுப்படியாகும்?

பதில்: வேண்டாங்க. ரொட்டி சுடும் ஓவனும் ஃப்ரீசரும் ஓடுகிற சர்வீஸில் 30 கிலோவாட்டை ஏற்றினால் சேங்ஷன் லோடு (உங்களுக்கு அனுமதித்த மின்சுமை) தாண்டிவிடும். தமிழ்நாட்டில் பொது சார்ஜிங் நிலையங்களுக்குத் தனி கட்டணப் பிரிவே இருக்கிறது. அதில் புது சர்வீஸ், தனி மீட்டர் கேளுங்கள். சார்ஜ் செய்து தருவது சேவை, மின்சார விற்பனை அல்ல என்று 2018-லேயே மத்திய மின் அமைச்சகம் சொல்லிவிட்டது, லைசென்ஸ் வேண்டியதில்லை.

'பின்னாடி தோட்டத்து மோட்டார் சர்வீஸ் சும்மாதானே கிடக்கிறது' என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். விவசாயத்துக்குக் கொடுத்த இணைப்பை வேறு வேலைக்கு எடுத்தால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இரு மடங்கு கட்டணம் விழும். எப்போதிருந்து எடுத்தீர்கள் என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கும் கணக்குப் போடுவார்கள்.

இனி விலை. மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல்படி, சார்ஜிங் நிலையத்திடம் மின்வாரியம் வாங்குவது, காலை 9 முதல் மாலை 4 வரை சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டைக் கொண்டுவந்து சேர்க்க வாரியத்துக்கு ஆகும் சராசரி செலவு) 0.7 மடங்கு, மற்ற நேரம் 1.3 மடங்கு. ஒரு பேச்சுக்கு அந்தச் செலவு 8 ரூபாய் என்றால், பகலில் 5.60, பிறகு 10.40. உங்கள் பில்லில் வருவது மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படிதான். எஸ்டிமேட் வாங்கும்போது நிலைக்கட்டணம் உண்டா, கிலோவாட்டுக்கு எவ்வளவு என்று மின்வாரிய ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஆபீஸில் கேட்டுவிடுங்கள். வண்டியே வராத மாதமும் அது ஓடும்.

பலர் கோட்டைவிடுவது மீட்டருக்கும் கன்னுக்கும் (காரில் செருகும் சார்ஜர் முனை) நடுவில். ஈபி மீட்டரில் 100 யூனிட் ஓடினால் காருக்குள் 93 போனாலே நல்ல சார்ஜர். மீதி சூடாகப் போய்விடும். அப்போது 10.40-க்கு வாங்கியது 11.18 ஆகிறது. வாடிக்கையாளரிடம் 15 வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி போக உங்களுக்கு 12.71. மிச்சம் ஒன்றரை ரூபாய்! அதிலும், வாடிக்கையாளர் பணம் கட்டும் மொபைல் ஆப்பை நடத்தும் கம்பெனிக்குப் பங்கு தரணும். மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லாததால் அதில் கழித்துக்கொள்ளவும் எதுவுமில்லை.

உங்களுக்கு டீக்கூட்டம் சேர்வது சாயங்காலம், கரண்ட் விலை ஏறும் நேரமும் அதுவே. அதனால் பலகையில் ஒரே விலை எழுதாமல், காலை 9 முதல் மாலை 4 வரை ஒன்று, மற்ற நேரத்துக்கு ஒன்று என்று இரண்டு விலை போடுங்கள்.