பாமிரில் ஒரு மாவு மூட்டை

மதிப்பிற்குரிய ஐயா,
பொருளாதாரம் படிக்கும் மாணவன் நான். தஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர் 1997இல் முடிந்தது. உலக வங்கி முதல் இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் பெயரில் இயங்கும் ஆகா கான் அறக்கட்டளை வரை இத்தனை பேர் உதவியும் ஆண்கள் பிழைக்க ரஷ்யாவுக்குத்தான் போகிறார்கள். வெளிநாட்டு உதவி ஒரு நாட்டைப் பிச்சைக்காரனாக்கும் என்பதற்கு இதுவே சான்று அல்லவா?

அன்புள்ள தம்பி,

ரஷ்யா விஷயம் உண்மைதான். 2013இல் அங்கே வேலை செய்தவர்கள் அனுப்பிய பணம் நாட்டின் மொத்த உற்பத்தியில் பாதியை நெருங்கியது. ஆனால் ‘பிச்சைக்காரன்’ என்று எழுதினீர்களே, கோபம் வந்துவிட்டது. பட்டினி கிடந்தவர்களைப் பற்றி இவ்வளவு சுலபமாக எழுதக் கூடாது.

தஜிகிஸ்தானின் பாமிர் மலைப்பகுதியில் உள்ள கோரோக் நகருக்குப் போய் வந்ததிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து நாடான கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து ஜீப்பில் போனேன். 4,655 மீட்டர் உயர அக்பைதால் கணவாயில் மூச்சு முட்டியது. 1993இல் ஆகா கான் அறக்கட்டளையின் மாவு மூட்டைகள் லாரியில் போனது இதே சாலையில்தான். சோவியத் காலத்தில் மாவு, டீசல், நிலக்கரி எல்லாமே வெளியிலிருந்து வந்து பிழைத்த மலை அது. சோவியத் போயிற்று, 1992இல் போர் வந்து தலைநகர் துஷான்பேயிலிருந்து வரும் வழியும் அடைபட்டது. உலர்ந்த மல்பெரிப் பழத்தை இடித்த மாவைத் தின்று அந்தக் குளிர்காலத்தைத் தள்ளியதாக நான் தங்கிய வீட்டுப் பாட்டி சொன்னார். அந்த மரத்தையே வெட்டி அடுப்பெரித்தவர்களும் உண்டாம்.

மூட்டையோடு நின்றிருந்தால் உங்கள் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும். நிற்கவில்லை, தம்பி. விதையும் உரமும் வந்தன. அரசுப் பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கவும் அறக்கட்டளை துணை நின்றது. நிலம் இன்றும் அரசுடையதுதான், பயிரிடும் உரிமை மட்டும் குடும்பத்துக்கு. அதுவே போதுமாக இருந்தது. மாட்டுத் தீவனம் விளைந்த இடத்தில் கோதுமையும் உருளைக்கிழங்கும் போட்டார்கள். எத்தனை கோடி வந்தது என்று கணக்குப் பார்க்கிறீர்களே, யார் கைக்கு மண் வந்தது என்று ஒருமுறையாவது பார்த்தீர்களா? உதவியை எடைபோட எனக்குத் தெரிந்த ஒரே தராசு அதுதான். விதை கொடுத்தும் நிலம் கொடுக்காவிட்டால் விதையையும் தின்றுதான் தீர்க்க வேண்டும்.

பாட்டி தன் பங்கு நிலத்தைக் காட்டினார். நம்ம ஊர் வீட்டு மனை அளவுதான் இருக்கும். கல் பொறுக்கியே முதுகு வளைந்துவிட்டது என்றார். அங்கே விளைந்த கிழங்கை வேகவைத்து, உப்புப் போட்ட பால் தேநீரோடு முன்னால் வைத்தார். அவர் மகனும் மாஸ்கோவில் கட்டட வேலையில்தான் இருக்கிறான். அவன் அனுப்பும் பணத்தில் கூரை மாற்றினார்களாம். கிழங்கு மட்டும் வாங்குவதில்லையாம்.

அன்புடன்.